வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய்ச் சிரிக்க வைத்துப் பிழைக்கலாமா? ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு பதில்

தம்பி கேட்டிருப்பது இதுதான். சொந்த ஊர் கீழக்கரைக்குப் பக்கம். சென்னையில் கம்பெனி வேலை. ஒரு வருடமாக, யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்கிற ஓபன் மைக் மேடைகளில் ஐந்து ஐந்து நிமிடமாகப் பன்னிரண்டு தடவை ஏறியிருக்கிறார், நன்றாகவே சிரிக்கிறார்களாம். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, ராமநாதபுரத்தை மையமாக வைத்து ஊர் ஊராகப் போகும் ஸ்டாண்ட்-அப் காமெடியனாக வாழ முடியுமா, எவ்வளவு கிடைக்கும், இங்கே எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது?

பிழைக்கலாம் தம்பி. ஆனால் டிக்கெட் விற்று, ஸ்டாண்ட்-அப் ஒன்றை மட்டும் நம்பி இந்தக் கரையில் பிழைக்க முடியாது. வேலையையும் இப்போது விடாதீர்கள். நான் 2004-ல் மிமிக்ரி செய்து ஆரம்பித்தவன். திருவிழா மேடை, கல்யாண வீடு, கல்லூரி ஆண்டு விழா, பட்டிமன்றத்தில் மூன்றாவது பேச்சாளர், கடைசியாக இந்த ஸ்டாண்ட்-அப் என்று எல்லாமே செய்தாகிவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் செய்ய நினைக்கிற தொழிலை இந்த மாவட்டத்தில் மூன்று தலைமுறைக்கு மேலாக ஒருவர் செய்துகொண்டிருக்கிறார். ஸ்பெஷல் நாடகத்தில் வரும் பபூன். சிரிக்காதீர்கள். சென்னையில் ஸ்டாண்ட்-அப் கற்றுத்தர வகுப்பே நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதைவிடப் பெரிய வகுப்பு பங்குனியிலும் சித்திரையிலும் நம் ஊர்ப் பொட்டலில் இலவசமாக நடக்கிறது.

பார்க்காதவர்களுக்காக: சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த வழியில் வள்ளி திருமணம், அரிச்சந்திரன் மாதிரி இசை நாடகங்கள் மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் இன்னும் நடக்கின்றன. ஸ்பெஷல் என்று பெயர் வந்தது, ஒவ்வொரு கலைஞரையும் அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் தனித்தனியாகப் பேசிக் கூப்பிடுவதால். ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) இன்னொரு ஊர், ஆர்மோனியக்காரர் வேறொரு ஊர். ஒன்பது மணிக்கு மேக்கப் போடுகிற இடத்தில்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை கிடையாது. பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய. இதில் முதலில் மேடைக்கு வருகிறவர் பபூன். கூட்டம் இன்னும் பாய் விரித்து முடித்திருக்காது, பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும், பாதி ஆண்கள் டீக்கடையில் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தை அரைமணி நேரம் தனியாக நின்று பேசியே உட்கார வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் டான்ஸ் ஆடுகிற பெண் வருவார், இருவரும் சேர்ந்து காமிக். நடுராத்திரிக்கு மேல் ஜனங்கள் தூங்கி வழியும்போது பபூனைத்தான் திரும்ப மேடைக்கு அனுப்புவார்கள்.

என் சித்தப்பா முப்பது வருடம் பபூன் வேடம் கட்டியவர். சின்ன வயதில் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஊருக்குள் போனதும் நேராக மேடைக்குப் போக மாட்டார். டீக்கடை. அங்கே மைக்செட்காரரைப் பிடிப்பார். “தலைக்கட்டு வரி எவ்வளவுப்பா போட்டாங்க? யாரு வசூல் பண்ணது? யாரு குடுக்க மாட்டேன்னு சண்டை போட்டது?” திருவிழாவுக்கென்று குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் போடுகிற வரி அது. அரைமணியில் அந்த ஊரின் முழுக்கதையும் கைக்கு வந்துவிடும். மேடை ஏறியதும் ராஜா, மந்திரி என்று ஏதோ பேசுகிற மாதிரி வரி கொடுக்காத ஆளைத் தொட்டுவிட்டு நழுவிவிடுவார். பெயர் சொல்ல மாட்டார். ஊரே திரும்பி ஒரு திசையைப் பார்த்துச் சிரிக்கும். அந்த ஆளும் சிரிப்பார், சிரித்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் அவரிடம் பார்த்தேன். கொஞ்சம் பச்சையான விஷயம் என்றால் அது எப்போதும் தனக்கு நடந்ததாகவே சொல்வார். மாப்பிள்ளை விருந்தில் தான் அவமானப்பட்டது, பஸ்ஸில் தான் அடி வாங்கியது. ஆரம்பிக்கும் முன்பே “தாய்மாருக, அக்கா தங்கச்சிமாருக மன்னிக்கணும்” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். கேட்கிறவர்களுக்கு அது யாரையும் குத்துகிற பேச்சாகத் தெரியாது, இந்தக் கோமாளி பட்ட பாடு என்றுதான் தெரியும். நடுவில் யாராவது வந்து சட்டையில் ஐம்பது ரூபாய் குத்துவார்கள். உடனே பேச்சை நிறுத்தி “அன்பளிப்பு வழங்கிய அண்ணன் இன்னார்” என்று மைக்கில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சண்டை. கதை அறுந்துபோகும் இல்லையா? சித்தப்பா அந்த அண்ணனையே கதைக்குள் இழுத்துவிடுவார், மாமனார் வீட்டில் இலையில் கறி வைக்காமல் போனவர் இந்த அண்ணன்தான் என்று. இதைத்தான் இப்போது கிரவுட் ஒர்க் என்கிறார்கள்.

ராத்திரி நாடகம் முடிந்து வந்ததும் ஒரு டைரியில் ஊர் பெயர் போட்டு இரண்டு வரி எழுதி வைப்பார். எது செல்லுபடியானது, எது விழுந்தது, சாப்பாடு எப்படி என்று. அவர் போன பிறகு அந்த டைரிகள் என்னிடம்தான் இருக்கின்றன.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். பபூனுடைய ஜோக் அவர் சொந்தச் சரக்கு இல்லை, பல பேர் வாய் மாறி வந்தது. அடுத்த வருடம் அதே ஊருக்குப் போய் அதையே சொன்னாலும் செல்லும், சில ஊரில் “அந்த மாமியார் கதையைச் சொல்லு” என்று கேட்டே வாங்குவார்கள். உங்களுடையது அப்படி இல்லை. யூடியூபில் ஏற்றிய மறுநாள் சாயல்குடியில் பிளஸ் டூ படிக்கிற பையன் அதை உங்களுக்கே சொல்லிக் காட்டுவான். அதனால் மேடைக்கு என்று வைத்திருக்கும் நாற்பது நிமிடத்தைப் படம் பிடித்துப் போடாதீர்கள். கூட்டத்தோடு பேசிய துண்டுகளை மட்டும் போடுங்கள். அவை திரும்ப நடக்காது, அதனால் நஷ்டமும் இல்லை.

சரி, தேதிக்கு வருவோம். ஊர் ஊராகப் போகிறவனுக்குச் சரக்கைவிட முக்கியம் காலண்டர். நான் இதைத் தெரிந்துகொண்டது ஒரு சனிக்கிழமை.

2018-ல் ராமேஸ்வரத்தில் ஒரு மண்டபம் எடுத்து, 150 ரூபாய் டிக்கெட் வைத்து, என் பெயரையே பெரிதாகப் போட்டு நோட்டீஸ் அடித்தேன். சென்னையில் எல்லாரும் சனிக்கிழமை ராத்திரிதானே வைக்கிறார்கள், நாமும் வைப்போம் என்று. வந்தது நாற்பத்திரண்டு பேர். அதில் பதினோரு பேர் மைக்செட்காரர் சொந்தம். மறுநாள் காலையில் டீக்கடைக்காரர் கேட்டார், “சனிக்கிழமை ஏன்யா வச்சீங்க? போட்டு பூரா கடலுக்குப் போயிருக்குமே!” பாக் ஜலசந்திப் பக்கம் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள். மீதி நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. காலையில் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிற போட்டு மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். அப்படியென்றால் திங்கள், புதன், சனி ராத்திரிகளில் ஊர் ஆண்களில் பெரும்பகுதி கடலில். நான் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவன், அடுத்த ஊர்க்காரன், அப்படியும் சென்னையைப் பார்த்துத் தேதி போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு தீவுக்குள் செவ்வாய், வெள்ளி தவிர நான் தேதி கொடுப்பதில்லை.

அப்புறம் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள், ஆட்கள் எல்லாரும் கரையில் சும்மா இருக்கிறார்கள், கூட்டம் அள்ளும் என்று. கூட்டம் வரும், காசு வராது. வலை பின்னுகிறவர், போட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், கேரளாவுக்குக் கூலிக்குப் போனவர் என்று வீடு சிக்கனத்தில் ஓடும். அந்த இரண்டு மாதமும் கரையை விட்டு உள்ளே போக வேண்டும். முதுகுளத்தூர், கமுதி, கடலாடி பக்கம் களரி, கோயில் பொங்கல், எருதுகட்டு என்று ஊர்த் திருவிழாக்கள் வரிசையாக நடக்கிற நேரம் அது. நாடகக்காரர்களுக்கும் அதுதான் சீசன். ஜூலை கடைசியில் தங்கச்சிமடம் வேர்க்காட்டில் சந்தியாகப்பர் திருவிழா. ஏர்வாடி சந்தனக்கூடு பிறைக் கணக்கில் வருவதால் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், போன வருடத் தேதியை நம்பி டைரியில் குறித்தால் ஏமாந்தீர்கள். நோன்பு மாதத்தில் கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் நிகழ்ச்சி கிடையாது. பெருநாளுக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள், கல்யாணங்கள் என்று ஒரு நல்ல மூன்று வாரம் கிடைக்கும்.

செப்டம்பர், அக்டோபர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பரமக்குடியில் செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், பசும்பொன்னில் அக்டோபர் 30 தேவர் குருபூஜை. இந்த இரண்டு தேதிகளை ஒட்டி மாவட்டத்தில் தடையுத்தரவு போடுவது வழக்கம். ரோடெல்லாம் போலீஸ் செக்போஸ்ட். அந்த வாரங்களில் தேதியே கொடுக்காதீர்கள், யார் எவ்வளவு கொடுத்தாலும் சரி. ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை, வாடைக்காற்று. ஆக வருடத்தில் நான்கு மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. வேலையை விட வேண்டாம் என்று நான் முதலில் சொன்னதற்குக் காரணம் இந்த நான்கு மாதம்தான்.

காசு. என் சொந்தக் கணக்கைச் சொல்கிறேன், ஊர் கணக்கு எனக்குத் தெரியாது. போன வருடம் 94 ராத்திரி மேடை ஏறினேன். ஒரு திருவிழா மேடைக்கு 15,000 பேசினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி பிடித்துக் கொடுத்தவருக்கு 1,500. கூட வருகிற கீபோர்டு தம்பிக்கு 3,000. வண்டி வாடகை, டீசல் 3,500. வழியில் சாப்பாடு 600. கையில் நிற்பது 6,400. இதில் வாரத்துக்கு இரண்டு கிடைத்தால் அது நல்ல மாதம். கல்லூரி, கம்பெனி நிகழ்ச்சி என்றால் தொகை கூடும், ஆனால் பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டு செக் தருவார்கள். அந்தச் செக் எப்போது வரும் என்பது அந்த அலுவலகத்தின் கணக்கருடைய மனநிலையைப் பொறுத்தது. வருமான வரிக் கணக்கு ஒழுங்காகத் தாக்கல் செய்யுங்கள், பிடித்ததில் திரும்பி வர வேண்டியது வந்துவிடும். நான் முதல் ஆறு வருடம் செய்யாமல் விட்டுக் காசை இழந்தவன்.

பாதி அட்வான்ஸ் வங்கியில் ஏறாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள். மீதியை மைக்கைக் கையில் வாங்கும் முன் வாங்கிவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் கமிட்டியில் ஒருவர் இருக்க மாட்டார், சாவி அவரிடம்தான் இருக்கும். ஒரு ஊரில், பெயர் வேண்டாம், பணத்துக்குப் பதில் சால்வையாகப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஆறு பேர் ஆறு சால்வை. வீட்டில் என் மனைவி அவற்றையெல்லாம் வெட்டித் தலையணை உறை தைத்துவிட்டாள். தூங்கும்போதெல்லாம் கௌரவமாகத்தான் இருக்கிறது.

டிக்கெட் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். “ஒரே ஆளா வர்றீங்க? ஆர்கெஸ்ட்ரா கூட இல்லையா? அதுக்கு இருநூறா?” என்று கேட்பது நியாயமான கேள்விதான். அவர்கள் வரி கொடுத்துப் பார்க்கிற நாடகத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் விடிய விடிய உழைக்கிறார்கள். டிக்கெட் வைத்தால் ராமநாதபுரம் டவுனில், நூறு நூற்றைம்பது பேர் கொள்ளும் ஏ.சி. ஹாலில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு. அதுவும் வருடத்துக்கு இரண்டு முறை. ஒன்பதுக்கு முடித்துவிடுங்கள், கடைசி பஸ் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பு வந்த கூட்டம் சிரிக்காது.

டிவி பற்றிக் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். 2005-ல் விஜய் டிவியில் கலக்கப் போவது யாரு வந்த பிறகுதான் எங்கள் சந்தையே மாறியது. சிவகார்த்திகேயன் சினிமாவுக்குப் போனது அந்த வழியில். மதுரை முத்து, ரோபோ சங்கர் எல்லாம் ஊர் மேடைகளில் உழைத்து டிவிக்குப் போனவர்கள். அதற்குப் பிறகு எந்தக் கமிட்டி போன் செய்தாலும் முதல் கேள்வி “டிவியில வந்திருக்கீங்களா?” வந்திருந்தால் ஒரு ரேட், இல்லாவிட்டால் இன்னொன்று. மென்பொருள் வேலையை விட்டு வந்து பாட்டையும் பேச்சையும் கலந்து மேடையேறிய அலெக்சாண்டர் பாபு மாதிரி ஆட்கள் வந்த பிறகு ஓடிடி வழியும் திறந்திருக்கிறது. ஆனால் இன்னொரு வரிசையையும் பாருங்கள். பட்டிமன்றம் பேசிய சாலமன் பாப்பையா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். ஞானசம்பந்தன் தியாகராசர் கல்லூரியில். லியோனி பள்ளி ஆசிரியராக இருந்தவர். தமிழ்நாடு முழுக்க ராத்திரி ராத்திரியாகப் பயணம் செய்து சிரிக்க வைத்த இவர்கள் மாதச் சம்பளத்தோடுதான் பேர் வாங்கினார்கள். ஐப்பசி மழை அவர்களைப் பட்டினி போட முடியவில்லை.

இனி, என்ன பேசலாம் என்பது. வெளியூர் காமெடியன் ராமநாதபுரத்துக்கு வந்ததும் முதலில் எடுப்பது “தண்ணியில்லாக் காடு”. அரசு ஊழியரை மிரட்ட “தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்” என்பது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த வசனம். இங்கே அதைச் சொன்னால் ஒரு சத்தமும் வராது. அந்தக் காட்டில் குடத்தோடு நின்றவர்கள்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சொல்லலாம், நீங்கள் சொல்லலாம், எங்கள் வீட்டுக் குழாயைப் பற்றி என்று ஆரம்பித்தால். அதே மாதிரி கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு ஒரு சென்னைத் தம்பி அதை வைத்தே ஐந்து நிமிடம் ஓட்டினார். பறக்கிற காக்கா, வடை திருடுகிற காக்கா என்று. அவருக்கே பிறகுதான் புரிந்தது, அங்கிருந்த முந்நூறு பேருக்கும் அது வீட்டில் அன்றாடம் புழங்குகிற மரியாதைச் சொல். உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சாதி வேண்டாம். தெருப் பெயர், கையில் கட்டிய கயிற்றின் நிறம், பைக்கில் ஒட்டிய ஸ்டிக்கர், எதுவும் வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கமும் சாயாமல்தான் சொன்னீர்கள் என்பதை விளக்க யாரும் நேரம் தர மாட்டார்கள். இலங்கைக் கடற்படை பிடிப்பது, போட்டு பறிபோவது பற்றி அவர்களே டீக்கடையில் பயங்கரமாகக் கிண்டலடிப்பார்கள். கேட்டுச் சிரியுங்கள், மேடைக்கு எடுத்து வராதீர்கள். முன்வரிசையில் யாருடைய மகன் யாழ்ப்பாணம் ஜெயிலில் இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியாது. பாங்கு சொல்ல ஆரம்பித்தால் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் மைக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள், அந்த இடைவெளியே உங்களுக்கு ஒரு சிரிப்பை வாங்கித் தரும்.

பேசுவதற்கு இங்கே கொட்டிக் கிடக்கிறது தம்பி. ஒன்று சொல்கிறேன். நம் பக்கம் பாக் ஜலசந்தியைப் பெண்கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். அமைதியாக இருப்பது பெண்கடலாம். நான் ரொம்ப நாள் “இந்தப் பேரை வச்சவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சுமாராகச் சிரிப்பார்கள். ஒருநாள் பாம்பனில் இதைச் சொன்னபோது பாசி எடுக்கப் போகிற ஒரு அப்பத்தா கூட்டத்திலிருந்தே குரல் கொடுத்தது: “சித்திரையில வந்து பேரு வச்சிட்டுப் போயிருப்பான். ஐப்பசியில வந்து பாக்கச் சொல்லு!” வாடைக்காற்றில் அந்த அமைதியான கடல் எப்படி எழும் என்று தெரிந்த கூட்டம். மேடையே அதிர்ந்தது. அன்றிலிருந்து என் வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்பத்தா வரியைத்தான் சொல்கிறேன், அப்பத்தா சொன்னது என்று சொல்லித்தான் சொல்கிறேன். மதுரையில் அதே வரி ஒன்றுமில்லாமல் போகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மைக் பற்றி யாரும் சொல்லித்தர மாட்டார்கள், அதனால் சொல்கிறேன். ஓபன் மைக் அறையில் கூரை தாழ்வு, சிரிப்பு முகத்தில் வந்து அடிக்கும். பொட்டலில் சிரிப்பு வானத்துக்குப் போய்விடும். மக்கள் சிரிப்பார்கள், உங்களுக்குக் கேட்காது. விழுந்துவிட்டது என்று பயந்து அடுத்த ஜோக்குக்கு ஓடினால் இரண்டும் போச்சு. வாயைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள். தோள் குலுங்குகிறதா, காத்திருங்கள். அப்புறம், ஊர்க்கோடியில் கம்பத்தில் ஒரு ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். அது 170 மீட்டர் தள்ளி இருந்தால் உங்கள் குரலே அரை வினாடி கழித்து உங்களுக்குத் திரும்பி வரும். வேகமாகப் பேசுகிறவன் அதில் தடுக்கி விழுவான். மைக்செட்காரரிடம் தன்மையாகச் சொல்லி அதை அணைக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் மெதுவாகப் பேசுங்கள். ஆடி மாதம் கடற்கரை மேடை என்றால் மைக்குக்குப் பஞ்சு உறை கையோடு எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் காற்று மட்டும்தான் பேசும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். கமிட்டியார் போலீஸ் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று அட்வான்ஸ் வாங்கும்போதே கேளுங்கள். பாதியில் நிறுத்தினால் பாதிச் சம்பளம்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தூக்கம் போகும், வயிறு போகும். நிகழ்ச்சி முடிந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி இரண்டு மணிக்குக் காரோட்டாதீர்கள், மாடு படுத்திருக்கும். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நான்கு மணி பஸ்ஸில் வாருங்கள். 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாம்பன் பாலம் திறக்கிற வரை தீவுக்குள் ரயில் இல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபம் ஸ்டேஷனில் இறங்கி அலைந்ததை நினைத்தால் இப்போது சொகுசு. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நிகழ்ச்சிகள் நல்ல காசுதான், நம் ஊர்க்காரர்கள்தான் அங்கே கூப்பிடுவார்கள். விசிட் விசாவில் வந்து “சும்மா ரெண்டு வார்த்தை” பேசச் சொன்னால் போகாதீர்கள். முறையான அனுமதி எடுத்துக் கூப்பிடுகிறவர்களிடம் மட்டும் போங்கள்.

ஆக, இப்போது நீங்கள் என்ன செய்யலாம் என்றால், வேலையில் இருந்துகொண்டே இரண்டு வருடம். லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு மேடை. பள்ளிக்கூட ஆண்டு விழா, பழைய மாணவர் சந்திப்பு, நண்பன் தங்கை கல்யாணம், காசு வராவிட்டாலும் பரவாயில்லை. உங்களிடம் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது, இங்கே யாரும் ஐந்து நிமிடத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். நாற்பது நிமிடம் சேர வேண்டும், அதுவும் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கிற நாற்பது நிமிடம். எட்டு மாத வீட்டுச் செலவு வங்கியில் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த பிறகு ஒரு தை மாதத்தில் வேலையை விடுங்கள். புரட்டாசியில் விட்டுவிட்டு வந்து எனக்குப் போன் செய்யாதீர்கள்.

அதற்கு முன் வருகிற பங்குனியில் ஒரு நாடகம் பாருங்கள். முன்னால் உட்கார வேண்டாம், மைக்செட் பக்கத்தில் இடம் பிடியுங்கள், அங்கிருந்துதான் கூட்டத்தின் முகம் தெரியும். பபூன் வந்ததிலிருந்து முதல் சிரிப்பு வரை எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் சித்தப்பா டைரியைப் புரட்டினேன். நீங்கள் சொன்ன ஊர் அதில் இருக்கிறது, 1991-ல் ஒரு ராத்திரி. எழுதியிருப்பது இரண்டே வரி: “காற்று அதிகம், முன்னால் முழுக்கப் பிள்ளைகள். மாமியார் கதை எடுபடவில்லை, பஸ் கதை எடுபட்டது, டீ நன்றாக இருந்தது.”